டிக்கியில் அரிவாள்மணை

சாவியைத் திருகியதும் காருக்குள் மஞ்சளும் சிவப்புமாக என்னென்னவோ விளக்குகள் எரிந்து அணைகின்றன. அதில் ஒன்று, வாய் மூடாத பானைக்குள் அகப்பையை நட்டு வைத்தது போல இருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எனக்கு எழுத்தைவிடப் படம் சீக்கிரம் மனதில் நிற்கும். டயரில் காற்று குறைந்தால் அந்தப் பானை அணையாமல் எரியும் என்று மகள் சாந்தி சொல்லியிருந்தாள். ஊரில் அடுப்பில் பானை ஏறாத வீட்டை நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே கார் பானையைக் காட்டினால்தான் ஆள் இறங்கிப் பார்க்கிறது.

சாந்தி ஒரகடத்தில், கார் பாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்குக் காய்ச்சல் என்று கேட்டு, கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் இருந்து ஒரு பையோடு பஸ் ஏறினேன். ரெண்டு சேலை, ஒரு சொம்பு, அவ்வளவுதான். பத்து நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்தேன். காய்ச்சல் போய்விட்டது, நான் போகவில்லை. அரிவாள்மணை வாங்கினேன், தலையணை தைத்தேன், ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு. அவள் வரும்போது எனக்குத் தூக்கம், நான் எழும்போது அவளுக்குத் தூக்கம். வடக்குப்பட்டுப் பக்கம் மூன்றாம் மாடியில், கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு மூடிய கதவு. யாரையும் குறை சொல்லவில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் போன கோயில் கொடைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, இனித் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாந்தியிடம் சொல்லவில்லை. முந்தின சாயங்காலம் அவள் கம்பெனி பஸ்ஸில் போய் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, என் சாமானையெல்லாம் டிக்கியில் ஏற்றிப் போர்வையால் மூடிவிட்டேன். அவள் தன் பையைப் பின்சீட்டில் போட்டாள். டிக்கியைத் திறக்கவே இல்லை.

விடிந்ததும் கிளம்பினோம். கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக வந்தன. ஒரகடம் தாண்டிச் சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டில் போகும்போது பானை எரிந்தது. சாந்தி ஓரம் கட்டி இறங்கி, நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தாள். நாலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. விளக்குதானே, போய்க்கொண்டே இரு என்றேன். அவ்வளவு தூரம் எரிகிற விளக்கோடு ஓட்ட மாட்டேன் என்று உருட்டிக்கொண்டே ஒரு பஞ்சர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கடைக்காரருக்கு என் மகளைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, இடது பின்டயரில் காற்று இறங்குகிறது என்றார். இந்த ரோட்டில் லாரியில் இருந்து திருகாணியும் இரும்புச் சீவலும் உதிராத நாள் இல்லையாம். ஜாக்கி வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, "பின்னாடி இன்னா ஏத்திகினு வந்தீங்க? வண்டி குந்திகினு கீதே. எறக்கு, அப்பால தூக்கறேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி டிக்கியைத் திறந்துவிட்டாள். போர்வை, தலையணை, என் சாப்பாட்டுத் தட்டு, சொம்பு, அரிசி டப்பா, அவள் அப்பாவின் படம், எல்லாம் ரோட்டோரத்துக்கு வந்தன. பஸ்ஸில் போகிற பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தன.

"இன்னா ஆயா, வூட்டையே காலி பண்ணிகினு போறியா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

எங்கள் பக்கம் ஆயா என்றால் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள். வேறு நாளாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்குக் கேட்க முடியவில்லை. சாந்தி அரிவாள்மணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாளைக்கு அருவாமணை எதுக்கும்மா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

அவர் சோப்புத் தண்ணீர் ஊற்றி, நுரை கிளம்பிய இடத்தில் திருகாணியைப் பிடுங்கி, புழுவைப் போல ஒரு ரப்பர் திரியைச் செருகிக் காற்று பிடித்தார். அப்போதும் பானை அணையவில்லை. இப்போது இருக்கிற காற்றுதான் சரி என்று வண்டிக்கும் சொல்ல வேண்டுமாம். ஒரு பொத்தானைக் காட்டி விடாமல் அழுத்தச் சொன்னார். விளக்கு ரெண்டு தடவை மினுக்கி அணைந்தது. சாந்தி சாமானையெல்லாம் திரும்ப ஏற்றினாள், ஒன்றையும் விடாமல். அவள் அப்பாவின் படத்தைத் தலையணை மேல் வைத்தாள்.

செங்கல்பட்டு தாண்டியதும் சாந்தி கேட்டாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா விட்டுருவியாட்டி?"

"விடமாட்டேன். ஆனாலும் சொல்லிருக்கலாம்லா."

கொடை முடிந்தது. கிளம்புகிற அன்று அவள் என்னிடம் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. டிக்கியைத் திறந்துவைத்துவிட்டு வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டாள். இரவு ஷிப்டு முடித்து வருகிற முகம். ஊரிலும் ஒருவரும் என்னை இரு என்று சொல்லவில்லை, எப்போது கிளம்புகிறாய் என்றுதான் கேட்டார்கள். நான் வெகுநேரம் வாசலில் நின்றேன். பிறகு தலையணையையும் சொம்பையும் கொண்டுவந்து டிக்கியில் வைத்தேன். அரிவாள்மணையும் தட்டும் அவள் அப்பா படமும் ஊர் வீட்டிலேயே இருக்கின்றன.

இங்கே காய் நறுக்க உட்கார்ந்தால் கை அரிவாள்மணையைத் தேடுகிறது. அங்கே போனால் சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகச் சாந்தி சாவியைத் திருகுகிறாள். பானை எரிகிறது. அது அணையும் வரை பொறுத்திருந்து பார்க்கிறாள். அணைந்ததும் ஒரு தரம் பின்னால் திரும்பி டிக்கிப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாள்.