நெற்றி வரைக்கும்

போன வாரம் குண்டடம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சோளக்காட்டில் மயில் வராமலிருக்கப் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மயில் பயப்படுமோ என்னவோ, நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவு அப்போது என்னுடையது. விண்ணப்பத்தில் போட்டோவைக் கோந்து தடவி ஒட்டி, முத்திரை பாதி போட்டோவிலும் பாதி காகிதத்திலும் விழும்படி குத்துவேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு, சிரிக்காதீர்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. விற்க வந்தவர், "காயிதத்தக் கரையான் திங்குமுங்க, சிடி நூறு வருசம் நிக்குமுங்க" என்றார். செத்தவர், விலகியவர் எல்லோருடைய தாளையும் ஸ்கேன் செய்தோம். சிடிக்குப் பத்துப் படம் திறந்து சரிபார்த்தேன். ஒரு பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காகிதக் கட்டுகள் சாயப்பட்டறை பாய்லருக்குப் போயின.

பாய்லர்காரர் ஆறுமுகம் கட்டைப் பிரித்துவிட்டு நின்றார். "ஏனுங்க சார், எல்லா மூஞ்சியும் நம்மளயே பாக்குதுங்க. இதையும் போடறதுங்களா?"

"காப்பி இருக்குது, போடுங்க."

"அப்ப குப்புறப் போட்டுக்கறனுங்க."

குப்புறத்தான் போட்டார். சூட்டில் சுருண்டு ஒவ்வொன்றாய்த் திரும்பி எங்களைப் பார்த்தன.

கம்பெனி மூடி வெகுநாள் கழித்து, செல்வி என்றொரு பெண் என்னைத் தேடி வந்தாள். முப்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். எங்கள் கட்டிங் பிரிவிலிருந்த அப்பா, இவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே போட்டோவும் மழையில் ஊறிப் போனதாம்.

"எங்கப்பா மொகத்த நான் பாத்ததே இல்ல சார். ஒங்ககிட்ட இருக்கும்னு சொன்னாவ."

பெயரைக் கேட்டதுமே டோக்கன் எண்ணைச் சொன்னேன், நானூற்றுப் பதினாறு. அவள் முகம் மலர்ந்தது.

சிடியை எடுத்தால் ஓரமெல்லாம் வெள்ளி உதிர்ந்து, அதன் வழியே அவள் தோடு தெரிந்தது. பெயர்ப் பட்டியல் முழுசாக வந்தது. படத்தைத் திறந்தேன். எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை. நெற்றி. புருவத்தின் மேல்விளிம்பு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"மெதுவா வரும் சார். என் போன்லயும் இப்பிடித்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கொடுத்த காப்பி குடிக்காமலே ஆடை கட்டிவிட்டது.

"கண்ணு வருமா சார்?"

"இவ்வளவுதான் அம்மிணி இருக்குது."

அதையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சாம்பல் பகுதியைப் பின்னால் மடித்து, மீதியைத் தன் புருவத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க பாத்திருப்பியள்லா. பொருந்துதா சார்?"

நானூற்றுப் பதினாறு, பகல் ஷிப்ட், இடது கைக்காரர். தினமும் எனக்கு வணக்கம் வைத்தவர். எவ்வளவு யோசித்தும் புருவத்துக்குக் கீழே எனக்கும் ஒன்றும் வரவில்லை.

"அப்படியேதான் இருக்குது" என்றேன். சரிபார்க்காமல் நான் உறுதி சொன்னது அது ஒன்றுதான்.

அவள் காகிதத்தை இறக்கவில்லை. அந்த நெற்றிக்குக் கீழிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.