கும்பிட்ட கோலத்தில் ஒரு முடிவுரை

வில்லாபுரத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டிக்கு, எதையும் முடித்துவைக்கத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று ஓர் எண்ணம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. காதுகுத்து பேனரின் மேல்பாதியை யாரும் படிப்பதில்லை; கடைசி வரிசையில் தன் பெயர் இருக்கிறதா என்றுதான் ஊர் பார்க்கும். பதினெட்டு வருடத்தில் ஒரு மாமனைக்கூட அவர் விட்டதில்லை.

அதனால் மனைவி முத்துமீனா கட்டுரையின் முடிவுரையில் திணறியபோது, பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். விஷயம் சின்னதல்ல. பத்தாவது தேறினால்தான் அவள் அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு மனுப் போட முடியும். போன முறை தமிழில் இரண்டு மார்க்கில் போயிற்று. கட்டுரைத் தலைப்பு, நெகிழி ஒழிப்பு.

"எழுதிக்க," என்றார். "நெகிழியை ஒழிக்க அன்புடன் அழைக்கும் ஜெயபாண்டி, முத்துமீனா, தாய்மாமன் சோழவந்தான் காசிமாயன்..."

"எங்கண்ணன் எதுக்குங்க இதுல?"

"விட்டுட்டா நாளைக்கு மச்சான் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

டியூஷன் டீச்சர் சரண்யாதேவி சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்: 'காசிமாயன் யார்? கட்டுரையில் இல்லாத ஆள் முடிவுரையில் வரக்கூடாது. மேலே சொன்னதைச் சுருக்கி, செய்யவேண்டிய ஒன்றைச் சொல்லி முடிக்கவும்.'

ஜெயபாண்டி அதை இரண்டு தடவை படித்தார். "டீச்சருக்குச் சொந்தபந்தமே கெடையாது போல," என்று தீர்ப்பளித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் கை கழுவி வருவதற்குள் முத்துமீனா தானே எழுதி முடித்திருந்தாள்: 'நெகிழி வாய்க்காலை அடைப்பதையும், மாட்டின் வயிற்றில் சேர்வதையும், மக்காமல் மண்ணைக் கெடுப்பதையும் கண்டோம். ஒழிப்பதை அடுத்த வீட்டில் தொடங்க முடியாது. என் வீட்டு மாடியில் தொங்குவதை முதலில் கழற்றுவேன்.'

மாடியில் தொங்கியது ஜெயபாண்டிதான். பன்னிரண்டு அடி உயரப் பேனரில், கறுப்புக் கண்ணாடி போட்டு, கும்பிட்டபடி, நாற்பத்தைந்தாவது பிறந்தநாளிலிருந்து.

"பரீட்சைக்குத்தான எழுதுற?" என்றார் மெல்ல.

"ஆமா. ஆனா டீச்சரு நம்ம தெரு வழியாத்தான் போறாக."

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டி ஏணி வைத்து ஏறி, தன்னைத் தானே அவிழ்த்து இறக்கினார். பரீட்சையிலும் நெகிழியே வந்தது. முத்துமீனா தேறிவிட்டாள். வாழ்த்து பேனர் ஒன்று அடிக்க அவருக்குக் கை துறுதுறுத்தது. அவள் பார்த்த பார்வையில் அடங்கிற்று.

இறக்கிய பேனரைக் காசிமாயன் கேட்டு வாங்கிப்போய்க் களத்து நெல்லை மூடியிருக்கிறார். சோழவந்தானில் களத்தைக் கடந்து போகிறவர்களை எல்லாம், ஜெயபாண்டி மல்லாந்து கிடந்தபடியே கும்பிடுகிறார்.