கரைவலை போட்டு விளையாடிய உதைபந்தாட்டம்

எங்கள் கோலுக்குள் ஒருத்தி பந்தை அடிப்பதை, எதிரணியின் கோலடியில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கோலைக் காக்கவேண்டியவள் நான்தான்.

முல்லைத்தீவுக் கரையில் சண்டை ஓய்ந்திருந்த காலம். எங்கள் பாடசாலையில் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளுக்கு அணி சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் முதலாவதாகப் புத்தகப்பை தூக்கியவளும் நானே. பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார், பந்துதான் பிடிக்காது. “ஒருக்கா வந்து பாக்கிறன். சரியில்லையெண்டா அண்டைக்கே நிப்பாட்டவேணும்” என்றார்.

பந்து வாங்கித் தந்தவர் கரைவலை முதலாளியான சம்மாட்டியார். ஆகவே பயிற்றுநரும் அவரே. கடலில் வளைத்த வலையை இரு பக்கமும் ஆட்கள் இழுத்து நெருங்கிவர, நடு மடிக்குள் மீன் சிக்கும். பந்தையும் அப்படியே பிடிக்கலாமென்று, முதல் போட்டியில் பதினொரு பேரையும் அரைவட்டமாக முன்னே அனுப்பினார்.

“சம்மாட்டியார், கோலை ஆர் பாக்கிறது?”

“கோல் எங்கை ஓடப்போகுது? கரையிலை சும்மா நிண்டா பங்கில்லை, பிள்ளை. இழு!”

இழுத்தோம். எதிரணிப் பிள்ளை ஒருத்தி எங்கள் தலைக்கு மேலால் பந்தை உதைத்துவிட்டு, அதன் பின்னால் போனாள். ஓடவில்லை. நடந்துபோய், நின்று, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கோல் போட்டாள். இடைவேளைக்குள் இப்படி ஐந்து. ஒவ்வொன்றுக்கும் சம்மாட்டியார், “மடி கிழிஞ்சுபோச்சு, இன்னும் நெருக்கிப் பிடியுங்கோ” என்றார்.

அம்மா கோட்டோரம் கைகட்டி நின்றார். என் விளையாட்டு அன்றோடு சரி என்று நினைத்தேன். இடைவேளையில் அம்மா நேரே சம்மாட்டியாரிடம் போனார்.

“அண்ணை, உங்களுக்கென்ன விசரே? வாசலைத் திறந்து போட்டிட்டு எல்லாரும் கலியாண வீட்டுக்குப் போனா நாய் வராதே? என்ரை பிள்ளையை அங்கை விடுங்கோ!”

“உமக்கு இந்த விளையாட்டு விளங்குமே?”

“வாசல் விளங்கும்.”

மிச்ச நேரம் முழுதும் அம்மா என் கோலுக்குப் பின்னால் நின்று, “இடப்பக்கமடி! இடப்பக்கம்!” என்று கத்தினார். அதன்பின் ஒன்றே ஒன்றுதான் உள்ளே போனது.

இப்போது நான் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் ஆசிரியை. சம்மாட்டியாரின் வியூகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை; தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்று ஆறுக்குப் பூச்சியமென்று தோற்று, தலை குனிந்து வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் அம்மா கேட்டார்:

“அடுத்த விளையாட்டு எப்ப? அந்த மனுசன் வாறதெண்டா நான் வெள்ளெனவே வந்து நிக்கோணும்.”