மூன்றாவது பிளானில் இருந்த வாசல்

பாலர் பாடசாலைச் சுவரில் மூன்று வீட்டுப் பிளான்களை ஒட்டியிருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதல் இரண்டையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாவதுக்குக் கிட்டப்போய், முகத்தைச் சுவரில் முட்டுமளவுக்கு வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, பெண்கள் பக்கம் கடைசி வாங்குப் பலகையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில்தான் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கடல் தொழில் செய்தவர். அதிகம் பேசமாட்டார். யுத்தம் முடிந்து, தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி, மன்னார்க் கரையில் எங்கள் ஊர்க் காணியிலே தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். அத்தான், அக்கா, அவர்களின் மகன், நான். இனித்தான் வீட்டுத்திட்டம் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்த காலம். வீட்டை நாங்களே மேசன் பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் தரும் மூன்று பிளானில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஒருமுறை சொல்லிவிட்டால் மாற்றமுடியாது.

அதை விளங்கப்படுத்த வந்த ரி.ஓ., அதாவது கட்டட வேலை பார்க்கிற உத்தியோகத்தர், நல்ல இளம் பிள்ளை. வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. “உங்கட சீவியத்துக்கு எது பொருந்துமெண்டு பார்த்துத் தெரிவு செய்யுங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவில்லை. முகாமில் எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே அறைக்குள் பல வருடம் இருந்தது. நடுவில் ஒரு பழைய சேலைதான் சுவர். அதற்குள்ளேதான் சமையல், படிப்பு, காய்ச்சல், செபமாலை எல்லாம். எங்கள் சீவியம் எத்தனை அறைச் சீவியம் என்று யார் கண்டது.

“தம்பி, இதிலை வள்ளத்து எஞ்சின் வைக்கிற அறை எது?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“எஞ்சினை விறாந்தையிலை வைக்கலாம்தானே ஐயா.”

“விறாந்தையிலை வைச்சுக் களவு போனால் நீங்களோ வாங்கித் தருவியள்?”

“அப்ப அறைக்குள்ளை வையுங்கோ.”

“அறையிலை எஞ்சின் படுத்தால் நாங்கள் எங்கை படுக்கிறது?”

“எஞ்சினோடை படு. உன்ர மனுசி சந்தோசப்படுவா” என்று இன்னொருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அத்தானும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் மூன்றாவது பிளானிலேயே நின்றார்.

முதலாவது பிளானில் விறாந்தை, நடுவில் ஹோல், இரண்டு அறை, சமையலுக்கு உள்ளேயே குசினி. இரண்டாவதில் குசினி மட்டும் பின்னால் தள்ளி இருந்தது. அநேகமானவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தார்கள். மூன்றாவது கொஞ்சம் வித்தியாசம். அதில் ஓர் அறை வீட்டின் பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த அறைக்கு இரண்டு வாசல். ஒன்று நேரே முற்றத்துக்கு, மற்றது உள்ளே ஹோலுக்கு. கடை போட நினைத்தவர்களைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தான், பெயர் பதிந்துகொண்டிருந்த விதானையாரின் மேசைக்குப் போய், யாரிடமும் கேட்காமல், மூன்றாவது என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவிடமும் கேட்கவில்லை.

நான் ஏன் அதையெல்லாம் அப்படிக் கவனித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் காணி அக்காவுடையது. அக்காவின் கல்யாணத்தில் அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்தது. எனக்கென்று ஒரு துண்டு பார்த்து வைத்திருந்தார்கள். வாங்குவதற்கு முன்பே சண்டை வந்து ஊர் எழும்பி ஓடிவிட்டது. பிறகு முகாமில் அம்மா செத்துப்போனா. என் கல்யாணப் பேச்சும் அதோடு நின்றது. நான் அதிகம் படிக்காதவள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். கருவாடு வெட்டி உப்புப் போடுவேன், வீட்டு வேலை செய்வேன். முகாமில் என்னை யாரும் அதிகம் என்று சொல்லவில்லை, ஒரே அறையில் யார் அதிகம், யார் குறைவு என்று பார்க்க இடமில்லை. ஆனால் வீடு என்று வந்தால் ஒவ்வொரு அறைக்கும் ஆள் குறித்தாக வேண்டும். என்னை எங்கே குறிப்பார்கள் என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே பயம். அதைக் கேட்கும் தைரியமும் எனக்கில்லை.

கேட்க முடியாதவர்கள் பார்க்கத்தான் பழகுவார்கள். நான் அத்தானைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் கயிறு கட்டி, மணலில் சாம்பல் போட்டு வீட்டின் எல்லையைக் குறித்தபோது, ஹோலை ஒருமுறை அளந்தார். அந்தப் பக்கத்து அறையை மட்டும் பலமுறை அளந்தார். ரி.ஓ. வந்தால் அவரைத் தோளில் கைபோட்டுத் தள்ளி அழைத்துப் போய்ப் பேசினார். நான் தேத்தண்ணி கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் சாம்பல் கோட்டுக்குள் நின்றுகொண்டு, “பிள்ளை, உமக்கு எந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்க விருப்பம்?” என்று கேட்டார். அவர் என்னிடம் நேரே ஒரு விருப்பம் கேட்டது அதுதான் முதல் தடவை. “எப்பிடியெண்டாலும் பரவாயில்லை” என்றேன். பிறகு நாள் முழுக்க அதையே யோசித்தேன். என்னை அந்தப் பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டு, பின்னால் நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இப்போதே கேட்டு வைக்கிறார் என்று முடிவெடுத்தேன்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் காணி மனுசி கிணற்றில் தண்ணீர் அள்ள வந்த இடத்தில், அக்காவைப் பார்த்து, “என்னடி, உன்ர மனுசன் ரெண்டு வாசல் வீடு எடுத்திருக்கிறாராம். வீடு உனக்கோ, தங்கச்சிக்கோ?” என்று கேட்டா. அக்கா சிரித்துக்கொண்டே, “ரெண்டு பேருக்கும்தான். உனக்கு வேணுமெண்டாலும் வா” என்றா. எனக்கு அந்த மனுசியில் கோபம் வந்தது. அக்காவை நினைத்து, எவ்வளவு பெரிய மனசு என்று கண் கலங்கினேன்.

அத்திவாரம் முடிந்து கல் வைக்கத் தொடங்கிய நேரம், நறுவிலிக்குளத்தில் மாமாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. உதவிக்கு ஆள் இல்லை. அக்காதான், “நீ போய் நில். இஞ்சை மேசன்மாருக்கு நான் சமைச்சுக் குடுப்பன்” என்று அனுப்பினா. பச்சை உடம்புக்காரிக்கு மிளகு, மல்லி போட்டுச் சரக்குத் தண்ணி வைத்துக் கொடுத்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு, மனம் முழுக்க அந்த வீட்டிலேயே இருந்தேன். நான் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறதோ என்று.

திரும்பி வந்தபோது சுவரெல்லாம் எழும்பி, பூச்சும் முடிந்திருந்தது. அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து அறையைக் காட்டினார். முற்றத்து வாசலுக்குப் பாரமான கதவு போட்டிருந்தார். “உள்ளுக்கை மேலை ஒண்டு, கீழை ஒண்டு, ரெண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறன் பிள்ளை. பயப்பிடாமல் படுக்கலாம்.” நான் கதவைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பிளானில் ஹோலுக்கு ஒரு வாசல் இருந்தது. இங்கே வெறும் சுவர். அத்தான் என் பார்வையைக் கண்டுவிட்டார். “அது பிறகு பார்ப்பம்” என்றார். எப்போதென்று நான் கேட்கவில்லை. என்னை வீட்டுக்குள்ளும் வைத்து வெளியிலும் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். நான் சந்தேகப்பட்டது சரியென்று தெரிந்தபோது, வெட்கத்தோடு சொல்லுகிறேன், ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சுவரோடுதான் என் சீவியம். சாப்பிடுவதற்கு முற்றத்தைச் சுற்றி விறாந்தையால் உள்ளே போவேன். மாரி மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். ஹோலில் அவர்கள் சிரிப்பது சுவருக்குள்ளால் கேட்கும். சொல் விளங்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். அத்தான் நல்ல மீன் கிடைத்தால் முதல் துண்டை எனக்கு வைக்கச் சொல்லுவார். அதையும் நான் கணக்கில் வைத்தேன், மனச்சாட்சி குத்துகிறது போல என்று. என் அறைக் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஏறிச் சரிபார்ப்பார். வாடகைக்கு விடும் எண்ணத்தில் அறையைப் பழுதில்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒருவரில் ஒரு சந்தேகத்தை வைத்துவிட்டால், அவர் செய்கிற எல்லாம் அதற்குள் போய் ஒழுங்காக இருந்துகொள்ளும். அவர் யாருக்கும் அந்த அறையை விடவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. என்றாலும் நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

சில வருடம் போய், ஒருநாள் அத்தான் நெஞ்சு வலி வந்து, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டார். பெட்டியை ஹோலில் வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து நானும் அழுதேன். ஆனால் அழுகிறபோதும், இந்த மனுசன் கடைசிவரை எனக்கு ஒரு வாசல் வைக்கவில்லையே என்ற எண்ணம் போகவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவின் மகன் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அக்காவுக்கு இப்போது பிரஷர். போன மாரிக்கு முன்பு ஒருநாள், சோறு போட்டுக்கொண்டிருந்தவ, “இந்தச் சுவரை உடைச்சு ஒரு கதவு வைப்பம்” என்றா. “எனக்கு ஒண்டெண்டால் நீ முற்றத்தாலை சுத்தி வாறதுக்கிடையிலை நான் போயிடுவன்.” நான் ஓம் என்றேன். இவ்வளவு காலமும் இல்லாத வாசல், அத்தான் போனதும் ஒரு சொல்லில் வந்துவிட்டது. அப்படியென்றால் தடுத்தது அவர்தான் என்று எனக்குள் கடைசிப் பூட்டும் விழுந்தது.

மேசன் எங்கள் ஊர்ப் பொடியன்தான். ஹோல் பக்கம் நின்று, உயரத்தைக் குறித்துப் பூச்சைக் கொத்தத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் மாறியது. நிறுத்திவிட்டுக் கையால் தடவிப் பார்த்தான்.

“அக்கா, இஞ்சை லிண்டல் கிடக்கு” என்று என்னைக் கூப்பிட்டான்.

எனக்கு விளங்கவில்லை. “அதென்ன தம்பி?”

“வாசலுக்கு மேலை பாரம் தாங்க வைக்கிற கொங்கிறீட். சும்மா சுவருக்கு ஆரும் இதை வைக்கமாட்டினம். இதுக்குக் கீழை வாசல் விட்டுத்தான் கட்டியிருக்கினம். பிறகு கல்லாலை அடைச்சிருக்கு. இந்தா, ரெண்டு பக்கமும் நேராய் வெடிச்சிருக்கிறதைப் பாருங்கோ.”

அந்த வெடிப்பு என் அறைப் பக்கமும் இருந்தது. பல வருடம் படுத்துக்கொண்டே பார்த்த வெடிப்பு. அத்தான் சீமெந்தில் மிச்சம் பிடித்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நான் அக்காவைப் பார்த்தேன். குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகு நிற்கவில்லை. பிறகு சுளகை மடியில் வைத்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னா.

“அவர் வைச்சவர்தான். நான்தான் அடைக்கச் சொன்னனான்.”

மேசன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டான்.

“நீ நறுவிலிக்குளத்திலை நிண்ட நேரம். நீ வாறதுக்கு முன்னம் அடைக்காட்டி நான் இந்த வீட்டுக்குள்ளை காலடி வைக்கமாட்டன் எண்டு நிண்டனான். முகாமிலை ஒரு அறைக்குள்ளை கிடந்தனாங்கள். அப்ப எனக்கு ஒண்டும் தோன்றேல்லை. இஞ்சை வந்து, அவர் உனக்கெண்டு அறை பார்த்து, உனக்கெண்டு அளந்து... அந்தக் கிணத்தடி மனுசியும் சொல்லிச் சொல்லி...” என்று நிறுத்தினா. “நீ ஒண்டும் செய்யேல்லை. அவரும் செய்யேல்லை. எனக்குத்தான் நித்திரை வரேல்லை.”

“அத்தான் என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் தானே கல் அடுக்கி அடைச்சவர். உனக்குச் சொல்லக்கூடாதெண்டும் நான்தான் சொன்னனான்.”

வீட்டுக்கார மனுசன் ஒருவர், தான் விட்ட வாசலைத் தானே அடைத்துவிட்டு, அதற்குரிய பழியையும் வருடக்கணக்காகச் சுமந்துகொண்டு எனக்கு மீன் துண்டு வைத்திருக்கிறார். அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன். ஆனால் என் மனம் அப்படியே விட்டுவிடுகிற மனம் இல்லை. ஒரு வார்த்தையாவது எதிர்த்துச் சொல்லாமல் ஏன் அடைத்தார் என்று கேட்கிறது. அக்கா சொன்னது முழுவதும் உண்மையா, செத்தவருக்காக இப்போது சொல்லுகிறாவா என்றும் கேட்கிறது. என் மனசில் ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களின் மனசுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. அந்த ரி.ஓ. தம்பி சீவியத்துக்குப் பொருந்துகிற பிளானை எடுக்கச் சொன்னார். அத்தான் எங்கள் மூன்று பேரின் சீவியத்தையும் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார் போல. அக்காவின் நித்திரை எந்தப் பிளானிலும் இருக்கவில்லை.

கல்லைக் கழற்றினபோது லிண்டலுக்குக் கீழே வாசல் அளவாக, ஒழுங்காக வந்தது. புதிதாக ஒன்றும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. மேசன் நிலையைப் பூட்டி, கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம் அடிக்கிறது?”

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பிக் குசினிக்குள் போனா. அங்கிருந்து, “அவளின்ர பக்கம் அடி தம்பி. இந்தப் பக்கம் ஒண்டும் வேண்டாம்” என்று சொன்னது கேட்டது.

அந்தக் கதவு வைத்து ஒரு மாரி போய்விட்டது. நான் இன்னும் ஒருநாளும் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுக்கவில்லை. ஆனால் மேசன் போன உடனேயே அதை இழுத்து, சரியாக விழுகிறதா என்று ஒருதரம் பார்த்துவைத்தேன்.