அக்கா கை அணைத்த ஃபேன்

என் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். நடுவுள்ளவன் வயர்மேன். ஊரார் வீட்டுக் கரண்டைத் துணிச்சலாகத் தொடுகிறவன், சொந்த வீட்டில் மட்டும் பயந்தாங்கொள்ளி. காரணம் அவன் அப்பா. பக்கவாதத்தில் படுத்தவருக்கு வலது கை மட்டும்தான் அசையும். பேச்சும் போய்விட்டது. அந்தக் கைக்காகவே ரிமோட் ஃபேன் மாட்டினான். மெயினை அணைத்து, பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, வயரை நேராக இணைத்தான். சுவரிலிருந்த சுவிட்சை மட்டும் விட்டுவைத்தான்.

"அம்மா, இது எப்பவும் ஆன்லயே இருக்கணும். அணைச்சா ரிமோட் வேலை செய்யாது."

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள் அக்கா.

அறையை விட்டுப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அவளுக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

மறுநாள் உச்சி வெயிலில், வேறொரு வீட்டில் ஏணிமேல் நின்றவனுக்கு அது உறைத்தது. அம்மா கடைக்குப் போகும் நேரம். போன் அடித்தான், யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

ஃபேன் நின்றிருந்தது. அப்பா வேர்வையில் தொப்பலாக நனைந்து, ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு, மூச்சு சீராகும்வரை அவர் நெஞ்சைத் தடவினான்.

பையோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நான் அணைக்கலடா... கை அணைச்சிருக்கு."

அவன் திட்டவில்லை. அன்றைக்கே சுவிட்சைக் கதவுக்கு மேலே, அவளுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினான்.

"அப்ப நான் போறப்ப எதத்தான்டா அணைக்கிறது?"

"லைட்ட அணைம்மா. அது உனக்கே உனக்கு."