இடம் பத்தாத பெயர்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பேருந்துக்குள் அடுத்த நிறுத்தத்தைக் காட்டும் பலகைகளுக்கு அங்கே 'சி' என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறார்கள். யார் என்ன திருத்தினாலும் அவள் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அது பேருந்தில் ஏறும். அவளோ லேசில் சரி என்று சொல்லமாட்டாள்.

அன்றைக்கு வந்தது, கூட வேலை பார்க்கும் 'புயலின்' திருத்தம். எதையும் மளமளவென்று முடிப்பதால் அவருக்கு அந்தப் பட்டம். பழைய நிரல், பெயருக்காக நினைவகத்தில் ஒதுக்கிய இடம் போதுமா என்று பார்க்காமலே எழுத்துகளைக் கொட்டும்; பெயர் நீண்டால் பக்கத்து இடத்தில் வழிந்து பலகையே அணைந்துவிடும். புயல் எல்லா இடத்திலும் அளவு பார்த்துக் கொட்டும்படி மாற்றியிருந்தார்.

"இனிமே சொட்டுக்கூட வழியாதும்மா. கண்ணை மூடிட்டு சரின்னு போடு."

"கண்ணை மூடவா எனக்குச் சம்பளம் தர்றாங்க, அண்ணா?"

மேசைமேல் கிடந்த சோதனைப் பலகையில் 'ஆஸ்பத்திரி வாசல்' என்ற நிறுத்தத்தை ஏற்றினாள். பலகை அணையவில்லை. 'ஆஸ்பத்திரி வா' என்று பச்சை விளக்கில் அன்பாகக் கூப்பிட்டது. அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

புயலின் முகம் சுருங்கியது. "வழியலைல்ல? அது போதாதா?"

"வழியல. ஆனா கமுக்கமா வெட்டிடுச்சே! இடம் பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லணும். சொன்னா, பெயரை ஓட விட்டுக் காட்டலாம்."

சொன்னதோடு நிற்காமல், நாற்காலியை இழுத்துப்போட்டு அவளே நாலு வரி எழுதிக் காட்டினாள். புயல் அதிசயமாக மெதுவாகப் படித்தார். படிக்கப் படிக்க மீசைக்குள் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, சொல் முடிஞ்சுதுன்னு காட்டக் கடைசியில ஒரு பூஜ்யம் வைக்கணுமே. அதுக்கு இடம் எங்க?"

பார்த்தாள். இல்லைதான். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷமே அதிகம் வந்தது. இத்தனை நாளாக அவள் எழுதியதை யாருமே இப்படி உட்கார்ந்து படித்ததில்லை.

"மாட்டிக்கிட்டேன் அண்ணா!"

இருவரும் சேர்ந்து சரிசெய்தார்கள். நீளப் பெயர், காலிப் பெயர், மயிரிழையில் அடங்கும் பெயர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பலகை அசரவில்லை.

அடுத்த வாரம் அது பேருந்துகளில் ஏறியது. வீட்டுக்குப் போகையில் அவள் பலகைக்கு எதிரிலேயே இடம் பிடித்தாள். ஒவ்வொரு பெயரும் தலை முதல் கால் வரை நிதானமாக ஓடியது. அந்த மயக்கத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டாள்.

கணவன் போனில் கூப்பிட்டான். "எங்க இருக்க?"

"ரெண்டு ஸ்டாப் தள்ளி வந்துட்டேன். பெயரெல்லாம் முழுசா தெரியுதுங்க!"

"தெரிஞ்சுமா இறங்கல?" என்றான் அவன்.