கவுஞ்சியில் வைரம் இல்லை

கறையான் புற்றுக்கு முன்னால் சல்லடையோடு மண்டிபோட்டிருக்கிறீர்களா? எனக்கு அதுதான் உத்தியோகம். நம்மூரில் புற்றைக் கண்டால் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவோம். இங்கே போட்ஸ்வானாவில் நான் அதைச் சுரண்டிச் சலித்து, கடுகளவு சிவப்பு கார்னெட் கல் கிடைக்குமா என்று பார்க்கிறேன். எப்போதோ ஒரு காலத்தில் எரிமலை வெடித்து, ஆழத்தில் கிடந்த வைரத்தை மேலே தள்ளியது. அப்புறம் அதன் வாய் மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோக, கலஹாரி மணல் வந்து மூடிவிட்டது. ஈரம் தேடி அடியில் இறங்கும் கறையான்தான் அந்தப் பாறையின் துணுக்குகளை மேலே கொண்டுவருகிறது. சிவப்பு கிடைத்தால் கீழே வைரம் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். கிடைத்த சிவப்புக் கல்லை நான் கெத்தாகப் போட்டோ எடுத்து, 'வைரத்தின் அடையாளம்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன்.

எங்கள் மலைக்கிராமம் கவுஞ்சியில் அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். எங்கள் பூண்டுக் காட்டிலும் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் சிவப்புக் கல்தான். விதைப்பூண்டை மூட்டையிலேயே விட்டுவிட்டு, சரிவில் படிப்படியாக இருக்கும் காட்டின் மேல்தட்டைத் தாங்கும் கல்கட்டைப் பிரித்துத் தோண்டத் தொடங்கிவிட்டான். அந்தத் தட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் வீடு.

சிக்னலுக்காக வண்டிக் கூரைமேல் ஏறி அவனைக் கூப்பிட்டேன்.

"ண்ணே, நம்ம மலை எரிமலையே இல்ல. பூமிக்கடியில வெந்து வந்த பாறை. அதுல இந்தக் கல்லு சும்மாவே கெடக்கும். வைரம் கெடையாது."

"ஏலே, பக்கத்துல கம்பெனிக்காரன் நிக்கிறானா?"

"யாரும் இல்லண்ணே. வைரமே இல்லங்கிறேன்!"

"சரி சரி, போன்ல பேசாத. எனக்குப் புரிஞ்சிருச்சு."

"என்னத்தப் புரிஞ்ச? கல்கட்டத் திரும்பக் கட்டுண்ணே, வீட்டு மேல சரிஞ்சிரும்!"

"நீ உன் சோலியப் பாருடா. வெரசா முடிச்சிர்றேன்."

வேலையில் சேர்ந்தபோது, கண்டுபிடித்ததை வெளியே சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கினார்கள் என்று வீட்டில் பீற்றியிருந்தேன். இப்போது நான் சொல்லும் ஒவ்வொரு 'இல்லை'யும் அவனுக்கு 'இருக்கு' என்றே போய்ச் சேருகிறது. நேரில் போய்த் தடுக்கலாமென்றால், இங்கே ஆழ்துளை போட்டு முடிக்காமல் யாருக்கும் லீவு கிடையாது என்கிறார் மேலாளர்.

என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான் டிரைவர் கபோ. அண்ணன் வயலில் வைரம் தோண்டுகிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கைதட்டி, கட்டிப்பிடித்து, வாழ்த்தே சொல்லிவிட்டான்.

சுற்றிலும் தட்டை மணல். சரிந்து விழ இங்கே ஒரு மேடுகூடக் கிடையாது. அதன் நடுவில் பத்திரமாக நின்றுகொண்டு, அண்ணி அனுப்பிய வீடியோவைப் பார்க்கிறேன். கவுஞ்சியில் இப்போது மழை பெய்கிறது.